கீறாத நிப்பு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். ஆனால் உன் புண்ணியத்தில் இங்கே கல்லாவில் உட்காரவே பயமாக இருக்கிறது.

நீ வாங்கி அனுப்பிய நீல மூடிப் பேனாக்கள் போன வாரம் வந்தன. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், மலிவான மைப் பேனாவுக்கு அடிபிடி. பிரித்த அன்றே பாதிப் பெட்டி காலி. மறுநாளிலிருந்து போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. கணக்கு வாத்தியார் வந்தார். மேசைமேல் ஒரு தாளை வைத்துத் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். தாளில் மையைவிடக் கிழிசல்தான் அதிகம். தையல்காரர் மனைவி, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "இது பேனாவா, ஆணியா? புள்ள நோட்டெல்லாம் ஓட்ட போட்டு வெச்சிருக்கா" என்று கேட்டாள். காசை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.

நம் கடைக்கு என்று ஒரு பெயர் இருந்தால் அது இதுதான்: விலை குறைந்த பேனாவானாலும் எழுதிப் பார்த்துத்தான் விற்பார்கள். அப்பா சொல்லிக்கொடுத்தது உனக்கு மறந்துவிட்டதா? நிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிளவு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மை நிரப்பி, அழுத்தாமல், ஒரு பக்கம் முழுக்க 'ழ' எழுத வேண்டும். எல்லாத் திசையிலும் வளைகிற எழுத்து அது, கீறுகிற நிப்பு அங்கே மாட்டிக்கொள்ளும். அப்புறம் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். வந்து தொட்டதும் எழுதினால்தான் வாங்க வேண்டும். நீ இதில் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

உன் மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவருக்கென்ன, கேட்பார். கல்லாவில் உட்காருகிறவள் நான்.

இப்படிக்கு,
அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

பிளவும் பார்த்தேன், 'ழ'வும் எழுதினேன், டீயும் குடித்தேன். ஒன்றுகூடக் கீறவில்லை. விலையும் குறைய வேண்டும், நிப்பும் வழுக்க வேண்டும் என்றால் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உன் வாத்தியாரைப் பேனாவால் எழுதச் சொல், உழச் சொல்லாதே.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

நாலு வரி. நான் இரண்டு பக்கம் எழுதினால் உனக்கு நாலு வரிக்கு மேல் வராது. தந்தி அடிக்கிறவன்கூட இன்னும் ஒரு வார்த்தை தாராளமாகப் போடுவான். மாமா எப்படி இருக்கிறார் என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. போகட்டும், பழகிவிட்டது.

நேற்று வங்கியில் காசாளராக இருக்கும் உயரமான பெண் கடைக்கு வந்தாள். நீல மூடியைக் கையில் வைத்திருந்தாள். சரி, இன்னொரு மண்டகப்படி என்று நினைத்தேன். அவளோ, "இவ்வளவு வழுவழுன்னு எழுதற பேனா எனக்குக் கெடச்சதே இல்ல, இன்னும் ரெண்டு குடுங்க" என்றாள். கிண்டல் செய்கிறாளோ என்று தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். பேனா தண்ணீராக ஓடியது. அதே பேனாவை வாங்கி நான் எழுதினேன். கரகரவென்று கீறியது. அப்புறம்தான் கவனித்தேன், அவள் எழுதியது இடது கையால்.

உன் மாமாவின் பூதக்கண்ணாடியை எடுத்து நிப்பைப் பார்த்தேன். இரண்டு முனையில் ஒன்று மயிரிழை தாழ்ந்திருக்கிறது. வலது கை பிடிக்கிற சாய்வில் அது காகிதத்தைக் குத்துகிறது. இடது கைச் சாய்வில் இருப்பதே தெரியவில்லை. திரும்பி வந்தவை எல்லாம் அப்படியே.

இப்போது கேட்கிறேன், மறைக்காமல் சொல். நீ எந்தக் கையால் எழுதிப் பார்த்தாய்?

ஒரு வருஷம் உன்னோடு மல்லுக்கட்டி நான் மாற்றிவிட்ட பழக்கம் அது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சும்மாவா சொன்னார்கள். கடைக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வலது கைக்காரர்கள். அவர்களுக்கு வாங்குகிறவன் அவர்கள் கையால் பார்க்க வேண்டாமா? முடியாது என்றால் சொல்லிவிடு. கொள்முதலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 22

கடை முதலாளி அம்மா அவர்களுக்கு,

ஆமாம், இடது கையால்தான். இந்தக் கடிதத்தையும் அதே கையால்தான் எழுதுகிறேன். எழுத்து மறுபக்கம் சாய்ந்திருப்பதை உறையிலேயே பார்த்திருப்பீர்கள்.

நீ மல்லுக்கட்டியதாக எழுதியிருக்கிறாய். நீ கட்டியது என் கையை. உன் தலைநாடாவை எடுத்து, நாற்காலிக் கையோடு சேர்த்து. எழுத்து கோணினால் அடிக்கோலால் அடி. தட்டையாக அடித்தால் வலிக்காது என்று உனக்குத் தெரியும், அதனால் விளிம்பால் அடித்தாய். எனக்கு அப்போது ஆறு வயது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, "பாருங்க, எங்க கோணக்கையன் இப்ப ஒழுங்கா எழுதறான்" என்று வேடிக்கை காட்டினாய்.

மாற்றிவிட்டேன் என்று இத்தனை வருஷமாக உனக்குப் பெருமை. என்ன மாற்றினாய் தெரியுமா? ஒரு பரீட்சையையும் நான் நேரத்துக்கு எழுதி முடித்ததில்லை. பதில் தெரியும், கை வராது. வெள்ளைத் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். மந்தம் என்று அப்பா சொன்னார். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். அதை மறக்கச் சொல்லாதே, முடியாது.

இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே பேனாவை இடது கைக்கு மாற்றினேன். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வலது கையை வைத்திருந்தேன், உனக்குக் கடிதம் எழுத. எழுத்து மாறினால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். தலை நரைத்தவனுக்கு அக்காவின் அடிக்கோலைக் கண்டு பயம். நாலு வரி தாண்டினால் கட்டைவிரலில் ஆரம்பித்து முழங்கை வரை வலிக்கும். அதனால்தான் நாலு வரி. மாமாவை விசாரிக்க ஆசை இல்லாமல் இல்லை.

பேனா விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். பழைய கம்பெனி நிப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்கும், எந்தக் கையில் பார்த்தாலும் ஒன்றுதான். மலிவாக வேண்டும் என்று நீ நச்சரித்ததால் புதுக் கம்பெனிக்குப் போனேன், மாட்டிக்கொண்டேன். பெட்டியைத் திருப்பி அனுப்பு, மாற்றித் தரச் சொல்கிறேன். அதோடு சரி. ஒரு நல்ல வலது கைக்காரனாகப் பார்த்து வைத்துக்கொள். எனக்கு இனிமேல் எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

கோணக்கையன்


ஜூன் 29

தம்பிக்கு,

எழுதாதே என்றால் நிறுத்திவிட நான் என்ன உன் வேலைக்காரியா?

எனக்கும் அப்போது பதினோரு வயதுதான். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் கை மாறலன்னா உன் கையத்தான் ஒடிப்பேன்" என்றார். சொன்னதைச் செய்கிறவர் அவர், உனக்கே தெரியும். அந்தப் பயத்தில்தான் அடித்தேன். நீ என்னைக் கேட்பதையெல்லாம் அவரைக் கேட்டிருக்க வேண்டும். அவர் இருந்தவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது என்னிடம் வருகிறாய்.

விளிம்பால் அடித்தது எனக்கு நினைவில்லை. நாடா நினைவிருக்கிறது, பச்சை நாடா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நினைவிருக்கிறார்கள். அதற்கு யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை.

உறையைப் பார்த்ததும் யாரோ புது ஆள் எழுதியிருக்கிறார் என்று கடைக் கடிதங்களோடு போட்டுவிட்டேன். சாயங்காலம்தான் பிரித்தேன். இத்தனை வருஷம் உன் கடிதம் வருகிறது, உன் எழுத்து எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் ஆத்திரம் பொங்குகிறது. உன்மேலா என்மேலா என்று தெரியாமல் இன்று வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

பெட்டியை அனுப்பவில்லை. வீம்புக்குத்தான். பதில் போடு.

அக்கா


ஜூலை 30

தம்பிக்கு,

உன் நீல மூடிப் பேனாவால், இடது கையில் எழுதுகிறேன். வலது கை தானாக ஓடி வருகிறது என்று மாமாவிடம் சொல்லி அதை நாற்காலியோடு கட்டிக்கொண்டேன். பேனா கீறவில்லை, கட்டைவிரல்தான் வலிக்கிறது. கடைக்கு நீயே வாங்கு, உன் கையாலேயே பார், வலது கையால் பார்க்க இங்கே நான் இருக்கிறேன்.

இதற்கு மேல் முடியவில்லை, நாலு வரிதான் வந்தது.

அக்கா