மூன்று விரல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

செங்கல்பட்டில் டாக்டர், வாய் எவ்வளவு திறக்கிறதென்று பார்க்க, இவரிடம் மூன்று விரல்களைச் சேர்த்து, நெட்டுக்குத்தலாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுதான் போயின.

"என் விரலு குண்டு, டாக்டர்" என்றார் இவர். டாக்டர் சிரிக்கவில்லை.

"இந்த மாவாப் புகையிலை எவ்ளோ நாளா போடுறீங்க?"

"காலேஜ்லேர்ந்து."

மாதக்கணக்காகக் காரம் வேண்டாமென்று தயிர்சாதமே சாப்பிட்டார். பாப்பாவுக்குத் துணையாகச் சாப்பிடுகிறார் என்றிருந்தேன்.

கன்னத்தின் உள்ளே ஆறாத புண். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தெரியும். டாக்டர் இவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க கட்டி தட்டுதும்மா. கேன்சர்னு வந்து, இங்கயும் இறங்கியிருந்தா பொழைக்கிறது கஷ்டம்" என்றார். எவ்வளவு கஷ்டம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறி திருப்போரூருக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

சாப்பிடும்போது பாப்பாவுக்கு இவரே அந்த மூன்று விரல் டெஸ்டை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் தன் வாயில் மூன்று விரலும் வைத்துப் பார்த்தாள். "இப்போ நீ ஆ காட்டுப்பா" என்று அதே விரல்களை இவர் வாய்க்குள் விட்டாள். மூன்றும் போய்விட்டன.

"அப்பா பாஸு! அம்மா, கை தட்டு!"

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டினேன்.