ஓரடி கீழே

காத்மாண்டு, பௌத்தா
பிப்ரவரி 11

அன்புத் தங்கை யாங்ஜிக்கு,

அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கவரிமாடுகள் நலந்தானே? இந்த வேனிலில் நீ தோழிகள் செரிங், நிமாவோடு, உலகிலேயே உயர்ந்த சோமோலுங்மாவில் ஏறப்போவதாக, ஊரிலிருந்து வந்த கிழங்கு வணிகர் சொன்னார். அண்ணனுக்கு வணிகர் வாயால்தான் செய்தி வரவேண்டுமா?

அந்த மலையை நான் அறிவேன். என் கால்விரல்களை அது வைத்துக்கொண்டது. நான் கூலிக்கு ஏறினேன். நமக்கு வீடு எழுந்தது. கூட்டிப்போக வெளிநாட்டு விருந்தினரும் இன்றி, கூலியும் இன்றி, மூன்று பெண்கள் எதற்காகப் போகிறீர்கள்? போவதானால் எனக்கு இனி எழுதாதே.

அண்ணன்,
கியால்சென்

போர்ட்சே
பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

போனால்தானே எழுதக்கூடாது? இன்னும் போகவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

எதற்காக என்று கேட்டீர்கள். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கொடுமுடிக்கு வழி வெட்டியவர் யார்? கயிறு கட்டியவர் யார்? பனிப்பிளவுகளின் மேல் ஏணி கிடத்தியவர் யார்? நம்மவர்! முடியை நெருங்கியதும் ஒதுங்கி நின்று, "ஐயா, நீங்க முன்னாடி போங்க" என்றவரும் நம்மவரே. விருந்தினர் உச்சியை மிதிப்பதும், நாம் ஓரடி கீழே நின்று படமெடுப்பதும் வழக்கமாகிவிட்டது. ஏழு முறை ஏறினீர்கள். நம் சுவரில் ஏழு படங்கள் தொங்குகின்றன; ஒன்றிலும் நீங்கள் இல்லை. "இதுல உங்க மகன் யாரு?" என்று கேட்போரிடம் அம்மா, "எடுத்தது அவன்தான்" என்கிறாள். அந்தப் பெருமை எனக்குப் போதவில்லை.

உங்கள் பனிக்கோடரியைத் தாருங்கள். தராவிட்டாலும் ஏறுவேன், இரவல் கோடரியோடு.

தங்கை,
யாங்ஜி

மலையடிக் கூடாரம்
ஏப்ரல் 14

அண்ணா,

கோடரி வந்தது, கடிதம் வரவில்லை. கொண்டுவந்த சுமையாளிடம், "அண்ணன் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "மலையேத்தச் சாமான் கடைய மூடிட்டு, உக்காந்து இதத் தீட்டிக்கிட்டே இருந்தாரு" என்றார். எனக்கு அது போதும்.

கோடரியைக் கற்பீடத்தில் சாய்த்துவைத்து, ஏறுமுன் மலைத்தாய்க்குப் பூசை நடத்தினோம். தாடி நரைக்கும்வரை வாழ்க என்று வாற்கோதுமை மாவைக் கன்னங்களில் பூசிக்கொண்டபோது, செரிங், "நமக்கு ஏதுடி தாடி? அப்ப நமக்குச் சாவே கிடையாது" என்றாள். ஓதிக்கொண்டிருந்த லாமாவும் சிரித்துவிட்டார். நாளை ஏணிப்பாதையில் கால் வைக்கிறோம்.

யாங்ஜி

காத்மாண்டு
ஜூன் 2

தங்கையே,

உச்சியில் நீங்கள் நிற்பதாகச் செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கயிறு வாங்க வருவோர் கேட்காவிட்டாலும், இவள் என் தங்கை என்று நானே சொல்கிறேன்; சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. எழுதாதே என்று எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது, பொறுத்துக்கொள்.

ஒன்றுமட்டும் விளங்கவில்லை. மூவருமே படத்தில் இருக்கிறீர்கள். அப்படியானால் எடுத்தது யார்?

கியால்சென்

போர்ட்சே
ஜூன் 15

என் அன்பு அண்ணனுக்கு,

ஊர் முழுதும் அறிந்தால் சிரிக்கும். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். முடிக்கு ஓரடி கீழே மூவரும் நின்றுவிட்டோம். சிறு மலைகளில் விருந்தினருக்கு வழிகாட்டிப் பழகிய கால்கள் அல்லவா? நிமா செரிங்கைப் போகச் சொன்னாள். செரிங் என்னைப் போகச் சொன்னாள். நான் நிமாவுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். காற்று முகத்தில் அறைகிறது. நாங்களோ ஒருவருக்கொருவர் உபசாரம் செய்துகொண்டு நிற்கிறோம். கடைசியில் நிமாவுக்குச் சினம் வந்துவிட்டது. "ஏண்டி, வராத விருந்தாளிக்கு இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?" என்றாள். மலைத்தாயிடம் பொறுத்தருள வேண்டிக்கொண்டு, கைகோத்து, மூவரும் ஒன்றாகவே காலெடுத்து வைத்தோம்.

சுவரில் அது எட்டாம் படமாகத் தொங்குகிறது. வருவோரிடம் அம்மா என் முகத்தைக் காட்டுவதற்கு முன் உங்கள் கோடரியைக் காட்டுகிறாள். உச்சியில், எங்கள் நடுவில், நிமிர்ந்து நிற்பது அதுதான்.

எடுத்தது யார் என்று கேட்டீர்கள். படத்தின் ஓரத்தை நன்றாகப் பாருங்கள். படமெடுக்க நீட்டிய செரிங்கின் கை மங்கலாகத் தெரியும். ஓரடி கீழே நின்று எடுப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை, அண்ணா.

தங்கை,
யாங்ஜி