பூட்டிய பக்கங்களில் ஒன்பது பேர்

லா ஷப்பல், பாரிஸ்
7 ஒக்டோபர் 2019

சேந்தன் அண்ணாவுக்கு,

மொன்ரியாலில் குளிர் தொடங்கியிருக்கும். சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் ஆய்வுக் கட்டுரையைக் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது: "கட்டுரை இப்ப பதிப்பகத்தின்ர சொத்து, சாம்பவி. வாசிச்சாலும் உனக்கு விளங்காது."

விளங்குமோ இல்லையோ, அதில் இருக்கும் இரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியும். 2016இல், ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் இராயப்பு அண்ணையின் கடைப் பின்னறையில், அறுபத்திரண்டு பேருக்கு உங்கள் நீரிழிவு ஆய்வின் சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியது நான். முடிவு வந்ததும் எல்லாருக்கும் காட்டுவோம் என்று சொன்னதும் நான். சொல்லச் சொன்னது நீங்கள். ஆய்வின் செலவு பிரெஞ்சு அரசுடையது. இராயப்பு அண்ணை கட்டும் வரியும் அதற்குள் இருக்கிறது.

அது கந்தசஷ்டி வாரம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். ஒன்பது பெண்கள், "விரதம்தானே பிள்ளை" என்றபடி இரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்கள். விரதக்காரர் காலையில் பாலும் வாழைப்பழமும் எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கேட்க மறந்தேன். பின்னேரம் அம்மா சொல்லித்தான் நினைவு வந்தது. ஒன்பதில் அவரும் ஒருவர். இவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அன்றே பெயர்களை எழுதி உங்கள் கையில் தந்தேன். "நான் பாத்துக்கொள்ளுறன்" என்றீர்கள்.

பார்த்தீர்களா? கட்டுரையின் சுருக்கம் மட்டும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. எங்கள் பெண்களுக்கு வெறும் வயிற்றிலேயே இரத்தத்தில் சீனி அதிகம், மருந்தை முன்கூட்டியே கூட்டலாம் என்கிறது. யாரைச் சேர்த்தீர்கள், யாரை நீக்கினீர்கள் என்ற பக்கங்களுக்குப் பதிப்பகத்தின் பூட்டு. எங்கள் டொக்டர் ஜெனவியேவிடமும் அதற்குச் சாவி இல்லை. சுருக்கத்தை நம்பி அம்மாவின் நீரிழிவுக் குளிசையைக் கூட்டினார். ஓகஸ்டில், ஒரு வெள்ளி விரதத்தன்று, சீனி மிகவும் இறங்கி, மெட்ரோப் படியில் அம்மா மயங்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

நூலகத்தில் இருந்து இந்த நாட்டுச் சட்டத்தை வாசித்தேன். பாதியாவது பொதுப்பணத்தில் நடந்த அறிவியல் ஆய்வென்றால், வெளிவந்து ஆறு மாதத்துக்குப் பின் எழுதியவரே தன் பிரதியை எல்லாரும் வாசிக்க வைக்கலாம். பதிப்பகம் தடுக்க முடியாது. உங்களுடையது வெளிவந்து ஒன்றரை வருடம். இனிப் பதிப்பகத்தைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இந்த மாதக் கடைசியில் மறுபடியும் கந்தசஷ்டி. ஒன்பதில் ஒருவரான கனகம் அக்காவும் மற்றவர்களும் அதே குளிசையோடு ஆறு நாள் விரதம் இருக்கப்போகிறார்கள். குளிசையை நிறுத்திவிட்டு டொக்டரிடம் விசாரியுங்கள் என்றேன். "டொக்டர் தந்ததை மறிக்க நீ ஆர்? நீயும் டொக்டரோ?" என்று அக்கா சிரித்தார். ஜெனவியேவோ, "அம்மாவுக்குக் குறைத்துவிட்டேன், ஆனால் அச்சான ஆய்வை உன் வாய்ச்சொல்லை வைத்துத் தள்ளிவிட முடியாது" என்கிறார்.

கந்தசஷ்டிக்கு முன் பிரதியைத் திறந்து வையுங்கள். ஒன்பது பேரும் உள்ளே இருந்தால் திருத்தம் எழுதுங்கள். மொழிபெயர்த்தவள் கேட்க மறந்தாள் என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

அம்மா கட்டிலில் கிடந்தபடி, "சேந்தன் தம்பிக்கோ எழுதுறாய்? நல்லாயிருக்கட்டும். அங்கை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு" என்கிறார். எதனால் விழுந்தார் என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவருடைய வாழ்த்தை அப்படியே எழுதிவிட்டேன். என் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.

அறுபத்திரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்த,
சாம்பவி