ஐந்தாம் அத்தியாயத்தின் விலை

மார்ச் 4, செவ்வாய்

பதிப்பாளர் அக்கா காலையிலேயே கூப்பிட்டார். "மேற்கோள் காட்டின ஒவ்வொரு வரிக்கும் அனுமதி வாங்கு. அது கைக்கு வராம அச்சுக்கு அனுப்ப மாட்டேன்."

என் ஆய்வு நூலில் நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள். எல்லாம் ஒரே புத்தகத்திலிருந்து: எல்லாரும் அம்மையார் என்றே அழைக்கும் எழுத்தாளரின் இல்லற வழிகாட்டி. என் அம்மாவின் கல்யாணத்துக்கு அதில் நான்கு பிரதிகள் பரிசாக வந்தனவாம். அம்மையார் இப்போது இல்லை. பதிப்புரிமை அவர் மகனிடம். வருஷம் தவறாமல் மறுபதிப்பு போடுகிறார்.

கடிதத்தோடு என் கையெழுத்துப்படி முழுவதையும் அனுப்பிவிட்டேன். நேர்மையா, அசட்டுத்தனமா?

மார்ச் 11, செவ்வாய்

பதில் இல்லை.

மார்ச் 19, புதன்

மகன் பேசினார். ஓய்வு பெற்ற பொறியாளர். அளந்து அளந்து பேசுகிறார்.

"நூத்திப் பன்னிரண்டையும் எடுத்துக்குங்கம்மா. ஒரு பைசா வேண்டாம். அஞ்சாவது அத்தியாயம் மட்டும் இருக்கக் கூடாது."

ஐந்தாவதில்தான், அம்மையார் இல்லத்தரசிக்கு வகுத்த தினசரி அட்டவணையை எடுத்துக் கூட்டிக் காட்டியிருக்கிறேன். துணிக்கு இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு. மொத்தம் இருபத்தேழு மணி நேரம் வருகிறது. ஒரு நாளைக்கு!

"சார், கூட்டிப் பாருங்களேன்" என்றேன்.

"பாத்தேன். எனக்கும் கணக்கு வரும். எங்கம்மாவைப் பாத்து ஊரே சிரிக்க வெச்சுட்டீங்க, அவ்வளவுதான்." குரல் லேசாகக் கம்மியது. வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன். "ஒரு அத்தியாயம்தானே, எடுத்துடேன். புத்தகமாவது வரும்."

ஆறு வருஷ வேலை. அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் மீதி இருப்பது அம்மையாருக்கு ஒரு வாழ்த்து மடல். எடுக்காவிட்டால் புத்தகமே இல்லை. என்ன செய்ய?

மார்ச் 20, வியாழன்

கல்லூரியில் இரண்டாம் பாடவேளை, பொருளாதாரம். கரும்பலகையில் தேவைக் கோடு போட்டாயிற்று. அளிப்புக் கோடு போடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. மாணவிகள் எனக்கு மயக்கம் என்றே நினைத்தார்கள்.

பதினெட்டு வருஷமாக இதைத்தான் நடத்துகிறேன், இது உறைக்கவில்லையே! அவர் பணம் கேட்கவில்லை. ஆனால் விலை சொன்னார். விலை என் கருத்து. ஐந்தாம் அத்தியாயத்துக்கான அனுமதியை எவ்வளவு கொடுத்தாலும் விற்க மாட்டார். ஏன் விற்க வேண்டும்? சொந்தக் காசில் யாராவது சூனியம் வைத்துக்கொள்வார்களா? வாங்க ஆள் உண்டு, விற்க ஆள் கிடையாது. எந்த விலையிலும் கிடையாது. அப்படியானால் இது பேரமே இல்லை. சந்தை நடக்க முடியாத இடம். அங்கேதான் சட்டம், விமர்சிக்கத் தேவையான அளவு அனுமதி கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று, நியாயப் பயன்பாடு என்னும் வாசலை வைத்திருக்கிறது. இத்தனை நாள் அதை ஏதோ ஏழை மாணவர்களுக்குப் போடும் பிச்சை என்று நினைத்திருந்தேன். இல்லை — இல்லவே இல்லை. அந்த வாசல் இல்லாவிட்டால் உலகத்தில் புகழ்ச்சி மட்டும்தான் அச்சாகும்.

பேருந்தில் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். வக்கீல். ஒரே மூச்சில் எல்லாம் கொட்டினேன்.

"அண்ணி, இதையேதான் நாங்க கோர்ட்ல நாலு வாய்தா வாங்கிப் பேசுவோம். நீங்க சாக்பீஸை வெச்சு முடிச்சுட்டீங்க."

"சரி, என் புத்தகத்தைப் படிச்சுட்டு யாரும் அம்மையார் புத்தகத்தை வாங்காம போனா? அவருக்கு நஷ்டம்தானே?"

"ஏன் வாங்கலன்னு பாக்கணும். ஒரு ஹோட்டல்ல சாப்பாடு நல்லால்லன்னு ஊரெல்லாம் சொல்லுங்க, தப்பில்ல. அவங்க அண்டாவையே தூக்கிட்டு வந்து எதிர்ல பந்தி போட்டா தப்பு."

அப்புறம் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே: "நீங்க அண்டா எதையும் தூக்கலையே, அண்ணி?"

இல்லை என்றேன்.

மார்ச் 24, திங்கள்

தூக்கியிருக்கிறேன்.

பின்னிணைப்பு! ஐம்பத்திரண்டு வார அட்டவணைகளையும் ஒன்று விடாமல், முப்பத்தொரு பக்கத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன். முழுத் தரவையும் கடைசியில் போடாவிட்டால் எங்கள் துறையில் யாருக்கும் மனசு ஆறாது. ஆனால் ஜனங்கள் அம்மையார் புத்தகத்தை வாங்குவதே அந்த அட்டவணைகளுக்காகத்தான். என் புத்தகத்தை வாங்கினால் அதை வாங்கவே வேண்டாம். ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவள் வீட்டில் பார், பக்கத்து வீட்டு அண்டா!

முப்பத்தொரு பக்கமும் போயிற்று. வெட்ட வெட்ட ஏன் இவ்வளவு சந்தோஷம்? நான் கண்டுபிடித்த கத்தி என்னையும் அறுக்கிறதே, அதனாலா? ஒரு தராசு, கொண்டுவந்தவள் பக்கமே சாயாமல் இருந்தால்தானே நம்பலாம்.

மேற்கோள்களும் எழுபத்து நான்காகிவிட்டன. கூட்டிக் காட்டத் தேவையான ஒரே ஒரு நாள் அட்டவணை மட்டும் ஐந்தாவதில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தில் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை அடித்தேன். அதற்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அது வெறும் கேலி. அவர் குரல் கம்மியது அந்த வாக்கியத்துக்காகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

கொழுந்தன் எழுதித் தந்த சட்டக் கருத்துரையை அக்கா இரண்டு முறை படித்தார். "வழக்குன்னு வந்தா?"

"வரலாம், அக்கா. பின்னிணைப்பு இருந்திருந்தா தோத்திருப்போம். இப்ப நிக்கும்."

"சரி. போ, அச்சுக்கு அனுப்பறேன்."

மகனுக்கு எழுதினேன். அனுமதி கேட்டு அல்ல. என்ன எடுத்தேன், எதை நீக்கினேன், எதை ஏன் நீக்கவில்லை என்று. கேட்பதைவிடச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

ஜூலை 9, புதன்

புத்தகம் வந்துவிட்டது. ஐந்தாம் அத்தியாயம் எண்பத்தாறாம் பக்கத்தில் தொடங்குகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்று மாதமாக வக்கீல் நோட்டீஸை எதிர்பார்த்திருந்தேன். இன்று தபாலில் வந்தது ஒரு சிறு நூல். நாற்பத்தெட்டுப் பக்கம். எழுதியவர் மகன். முழுக்க எனக்கு மறுப்பு. பேனாவோடு உட்கார்ந்து எண்ணினேன்: என் வாக்கியங்கள் நாற்பத்தோரு இடத்தில். ஒன்றுக்கும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

அக்காவுக்குக் கோபம். "உன் கொழுந்தன்கிட்டச் சொல்லு, சும்மா விடக் கூடாது."

"விடுங்கக்கா. நான் விற்கிற சரக்கா அது? கேட்டிருந்தா நானும்தான் கொடுத்திருக்க மாட்டேன்."

பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதுகிறார்: அம்மா ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் தொட்டிலை ஆட்டுவார், பேராசிரியை அந்த நேரத்தை இரண்டு முறை கூட்டியிருக்கிறார்.

சரிதான். இருபத்து நாலுக்கு மேல் வந்த மூன்று மணி நேரம் அங்கேதான் இருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. ஆனால் ஒரு கை கிளறி ஒரு கை ஆட்டினால் அது ஓய்வாகிவிடுமா? இதை எழுதியே ஆக வேண்டும்.

இதற்காக அவர் நூலிலிருந்து, அனுமதி கேட்காமலே, ஆறு வரி எடுத்திருக்கிறேன். ஏழாவது தேவைப்படவில்லை.