லண்டனைப் பிடித்த கல்

என் உயிருக்கு உயிரான மச்சான்,

சயாமில் எந்த மரத்தடியில் உங்களைப் புதைத்தார்களோ, விலாசம் தெரியாது. அதனால் பத்திரிகைக்கே எழுதுகிறேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நான் எப்படிச் சாப்பிடுகிறவன் என்று உங்களுக்குத் தெரியுமே!

முதலில் நல்ல செய்தி. நீங்கள் லாரி ஏறியபோது ஒன்பது வயதாக இருந்த உங்கள் மகள் கோகிலம் இப்போது டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்லுக்கு டாக்டர். சிங்கப்பூரில் படித்து, சீமையில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினாள். குறைக்கடத்தி என்று ஒரு சரக்கு. மின்சாரத்தை ஒரு பக்கம் விடுமாம், மறுபக்கம் விடாதாம். உலகத்திலேயே அது தெரிந்தவர்கள் நான்கு பேர். மற்ற மூன்று வெள்ளைக்காரர்களும் இவளைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். இன்று சுங்கை காடுட் தொழிற்சாலையில் நம் தோட்டத்துப் பெண்கள் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியை அந்த மாதிரிக் கல்லில்தான் ஒட்டுகிறார்கள்.

நம் கல் ஞாபகம் இருக்கிறதா? ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிப்போன பங்களாவிலிருந்து நான் தூக்கி வந்த ரேடியோ. பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. ஈயம்போல் மின்னும் ஒரு கல் துண்டு, ஒரு கம்பி, காதில் வைக்க ஒரு குழல். ஜப்பான்காரன் கத்தியோடு வாசலில் நின்றபோதே லண்டன் செய்தி கேட்டவன் நான். சரி, அவன் ரோட்டில் நின்றான். கம்பியை நகர்த்தி நகர்த்திச் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது கோகிலம்தான்.

“ஏன் மாமா இந்த எடத்துல கேக்குது, பக்கத்துல கேக்கல?”

“அங்கதான் சாமி உக்காந்திருக்கு. பேசாம புடி.”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவள் சீமை வரை போனாள்.

வரும் ஞாயிறு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு. தாய்மாமன் எனக்கும் மாலை உண்டு. மூன்று நாளைக்கு முன் அவளிடம் சொன்னேன்:

“பேசறப்ப, எங்க மாமா அந்தக் கல்லுல லண்டனப் புடிச்சாருன்னு ஒரு வார்த்த போடு லா.”

அவள் எழுதுவதை நிறுத்தினாள். “வேணாம் மாமா.”

“ஏன், மாமன் பேரச் சொன்னா வெக்கமா?”

“அந்தக் கல்லுக்கு லண்டன் எட்டாது மாமா. கிட்டத்துல இருக்கற ஸ்டேஷன்தான் கேக்கும். அப்ப கிட்டத்துல இருந்தது ஜப்பான்காரன் நடத்துனது.”

“தமிழ்ல பேசுனானே!”

“நம்ம ஆளுங்கள சயாம் ரயில் ரோட்டுக்குக் கூப்பிடத்தானே பேசுனான்.”

மச்சான், ஜப்பான்காரன் ஆள் பிடித்த அந்த நாளை நினைத்துப் பாருங்கள். சி ரூசா கடற்கரையில் தெரிந்தவர் வீட்டில் ஒளிந்துகொள்ள நீங்கள் மூட்டை கட்டிவிட்டீர்கள். நான்தான் ஓடி வந்து மறித்தேன்.

“ரயில் ரோட்டு வேல மூணே மாசமாம் மச்சான். சோறு, துணி எல்லாம் குடுக்கறானாம். ஜப்பான்காரன் சொன்னா பொய்யின்னு வைங்க. அவனுக்கு எதிரி லண்டன்காரன், அவனே ரேடியோவுல ஒத்துக்கறான் லா!”

நீங்கள் சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தீர்கள். மறுநாள் காலை கூலிகளை மேய்க்கும் மண்டோர் ஆள் கூப்பிட்டபோது நீங்களாகவே போய் லாரியில் ஏறினீர்கள்.

“ஒனக்கு இது எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“காலேஜுல மொத வருஷம்.”

அதற்குப் பிறகு எத்தனை தீபாவளி! ஒவ்வொன்றிலும் நான் லண்டன் கதை அளந்தேன். அவள் சிரித்தபடி எனக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அவள் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. எப்படி முடிந்தது அவளால்? நீங்கள் சயாமில் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தீர்களா? என்னைத் திட்டினீர்களா, இல்லை அப்போதும் நம்பினீர்களா?

ஊரெல்லாம் இந்தக் கடிதத்தைப் படித்துவிடும். இனி நான் பின்வாங்க முடியாது. ஆனால் உங்கள் மனைவிக்கு, என் அக்காவுக்கு, எழுத்து தெரியாது. அவளுக்கு வாயால்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் கழுத்தில் மாலை விழுவதற்கு முன்னால், முன்வரிசையில் இருக்கும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். மூன்று மாதம் என்று உங்களிடம் சொன்னது லண்டன் இல்லை மச்சான். நான்தான்.

உங்கள் மூட்டையை அவிழ்க்க வைத்த மச்சான்,
கோகிலத்தின் தாய்மாமன்