இரைச்சல் நாளில் ஊதிய சங்கு

பெத்தித் ஆன்ஸ்
ஜூலை 8

என் செல்ல மருமகள் மிரேய்க்கு,

உன் மாமா அல்சீட் எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடற்கரையில் என்னைப்போல் நிமிர்ந்து நடப்பவன் வேறு யாரும் இல்லை என்று டாக்டரே சொன்னார். வாயால் சொல்லவில்லை, பார்வையால் சொன்னார். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் சர்க்கார்க்காரர்கள் ஒட்டுக்கேட்பார்கள். கடித உறையை நான் என் எச்சில் தொட்டு ஒட்டுகிறேன். அதைப் பிரிக்க எந்த அதிகாரிக்கும் மனம் வராது.

இங்கே மழை இல்லை. கிணற்றில் வாளியை இறக்கினால் தவளை நிமிர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது. சென்ற வாரம் நான் பிடித்த ஹாலிபட் மீன் படகைவிட அரை அடி நீளம். வாலைக் கடலில் தொங்கவிட்டுத்தான் கரைக்கு வந்தேன். செரஃபேன் அதைச் சின்ன மீன் என்கிறான். தீயணைப்புப் படைக்குத் தலைவன் ஆனதிலிருந்து அவன் கண்ணுக்கு எல்லாமே சின்னதாகத்தான் தெரிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீப்பிடிக்கும் என்று யாரும் காட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்களே, அது என் காட்டுக்கும் சேர்த்தாம். என் தாத்தாவின் தாத்தா கோடரியோடு வாங்கிய காடு. அதன் வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலத்துக்கு வெட்டிப் பிளந்த விறகெல்லாம் உள்ளே கிடக்கிறது. உன் அப்பாவும் நானும் கட்டிய மரக்குடிலும் உள்ளேதான். அது உனக்குத்தான் என்று என் தங்கை, உன் அம்மா லெயோனியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். நேற்று முற்றத்தில் வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தேன், தலைக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து நின்றது. நானும் எழுந்து நின்று முழுசாகக் காட்டினேன். பறந்து போய்விட்டது. பாவம், இயந்திரத்துக்கும் வெட்கம் இருக்கிறது.

அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க ஒரு போன் நம்பர் வேறு கொடுத்திருக்கிறார்கள். நம் அக்காடிய மக்களை ஒரு சர்க்கார் ஏற்கெனவே வீட்டைவிட்டு எழுப்பிக் கப்பலில் ஏற்றியது. அதை நாம் மறக்கவில்லை என்று காட்டத்தானே வருஷாவருஷம் ஆகஸ்ட் பதினைந்தில் சட்டியும் தட்டும் தட்டி இரைச்சல் போட்டுக்கொண்டு தெருவில் போகிறோம்? நீ அந்தச் சர்க்கார் அலுவலகத்தில் வரைபடம் மட்டும்தான் வரைகிறாய், எனக்குத் தெரியும். இதெல்லாம் உனக்குத் தெரியாமல் மேலே இருப்பவர்கள் செய்த வேலை. அவர்களிடம் உன் மாமா சொன்னதாகச் சொல்.

பதினைந்தாம் தேதி வழக்கம்போல் என் பக்கத்தில் நடக்க வந்துவிடு. உன் தகரமூடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்து ஐயம்திரிபறத் தேறிய உன் மாமா,
அல்சீட்


தலைநகர்
ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். ட்ரோன் பகுதியைப் படித்து நான் சிரித்ததைப் பார்த்து எல்லோரும் என்னவென்று கேட்டார்கள். சொல்லவில்லை. முற்றங்களின் மேல் அதைப் பறக்கவிடக் கூடாது என்று நானும் அலுவலகத்தில் சண்டை போட்டவள்தான். கேட்கவில்லை.

ஆனால் மற்றது உங்களுக்குத் தெரிய வேண்டும். மாமா, அந்த உத்தரவின் வரைபடம் என்னுடையது. மேலே இருப்பவர்கள் எனக்குத் தெரியாமல் செய்யவில்லை. எந்தெந்தக் காட்டை மூட வேண்டும் என்று கோடு போட்டதும், கீழே கையெழுத்துப் போட்டதும் நான். நம் காட்டைச் சுற்றிப் போட்ட கோட்டில் மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு போட்டேன்.

நம் காட்டுத் தரையை நானே வந்து தோண்டிப் பார்த்தேன். உங்களைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன், மன்னியுங்கள். இலை மக்கிய மண் வேர் வரைக்கும் பொடியாக உதிர்கிறது. இது ஒரு வருஷத்து வெயில் இல்லை மாமா. பத்து வருஷமாகக் கூடிக்கொண்டே வருகிறது, இன்னும் கூடும். ஒரு பொறி விழுந்தால் செரஃபேன் மாமாவின் ஒற்றை லாரியால் ஒன்றும் ஆகாது. விறகுக்கு வேறு ஏற்பாடு செய்து தருகிறேன். உள்ளே மட்டும் போகாதீர்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பங்கு மண்டபத்தில் கூட்டம். ஊருக்கு விளக்கிச் சொல்ல நான்தான் வருகிறேன். நீங்கள் முன்வரிசையில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அன்புடன்,
மிரேய்


பெத்தித் ஆன்ஸ்
ஜூலை 27

என் செல்ல மருமகளுக்கு,

என்ன கூட்டம், என்ன கூட்டம்! மண்டபம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு பேர் வந்ததில்லை. ஜன்னலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் விளக்கில் தொங்கினான் என்றுகூடச் சொல்லலாம். நீ சொன்னபடியே முன்வரிசையில் இருந்தேன்.

நீ நன்றாகத்தான் பேசினாய். அந்தச் சிவப்புக் கோடு போட்ட வரைபடத்தைச் சுவரில் காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் நான் எழுந்து மைக்கைப் பிடித்ததும் காற்று மாறிவிட்டது, பார்த்தாயா? என் தாத்தா காலத்து வறட்சியில் கடல் வற்றி மீனெல்லாம் கோயில் வரைக்கும் நடந்து வந்த கதையைச் சொன்னேனே, பாதிரியார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதெல்லாம் சீதோஷ்ணம் மாறுகிறது என்று யாராவது காட்டைப் பூட்டினார்களா என்று கேட்டேன்.

அதன் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், சபை கலகலப்பாக இருக்கட்டுமென்று. "இது எங்க லெயோனி பொண்ணுதாங்க. சின்ன வயசுல என் தோள்ல ஒண்ணுக்குப் போனப்போ எங்கிட்ட அனுமதி கேக்கல. இப்போ நான் என் காட்டுல ஒண்ணுக்குப் போக இவகிட்ட அனுமதி வாங்கணுமாம்." கூரை பறந்துவிட்டது என்று நினைத்தேன், அப்படிச் சிரித்தார்கள். செரஃபேன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு எப்போதும் கதை தாமதமாகத்தான் புரியும்.

நீ சொல்லாமல் கிளம்பிவிட்டாய். உனக்காகக் கிழங்கு துருவிப் பிழிந்து, கோழி போட்டு ராப்பி சுட்டு வைத்திருந்தேன். உன் பாதி இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நான் தொடவில்லை. சரி, ஓரத்தை மட்டும் தொட்டேன்.

பதினைந்தாம் தேதிக்கு ஒரு யோசனை. ஊர்வலத்தை இந்த முறை கோயிலிலிருந்து தொடங்காமல், பூட்டிய காட்டு வாசலுக்கு எதிரே என் வைக்கோல் வயலிலிருந்து தொடங்கப்போகிறோம். கார்களையெல்லாம் அங்கேயே நிறுத்திவிட்டு, துறைமுகம் வரைக்கும் தட்டிக்கொண்டே நடப்போம். ஒருவர்கூட வாசலைத் தாண்ட மாட்டோம். சட்டம் சட்டம்தான். சத்தத்துக்குச் சட்டம் கிடையாது. நீ என் பக்கத்தில்தானே?

சபையை வென்ற மாமா,
அல்சீட்


தலைநகர்
ஆகஸ்ட் 2

மாமா,

மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான். அதற்குப் பிறகு நான் சொல்ல வைத்திருந்தது பாதி மீதி இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரிக்காமல் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா இறந்த பிறகு அந்த ஊரில் எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவர்தான் மைக்கைப் பிடித்தது.

பதினைந்தாம் தேதி வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செரஃபேன் மாமாவோடு பேசினேன். வருஷாவருஷம் இரைச்சலோடு சேர்த்துத் தீயணைப்புக் கொட்டகையின் அபாயச் சங்கையும் ஊதுவார்களே, இந்த வருஷம் ஊதப் போவதில்லை. இவ்வளவு காய்ந்திருக்கும்போது, சங்கு கேட்டால் அது தீ என்று மட்டுமே அர்த்தமாக வேண்டும். பூசை முடிந்து கோயில் படியில் நின்று ஊர்வலத்தை அறிவிப்பவர் நீங்கள்தான். நீங்கள் சொன்னால்தான் ஊர் கேட்கும் என்று அவரே சொன்னார். இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மிரேய்


பெத்தித் ஆன்ஸ்
ஆகஸ்ட் 10

மருமகளே,

உன் கடிதம் குட்டையாக இருந்தது. தபால்தலைக்கே கட்டாது. மாமா கேலி செய்யாமல் உன்னை யார் கேலி செய்வார்கள்? அந்நியனா? என் வாய் உனக்குப் புதிதா?

சங்கு விஷயம் இன்று காலை பூசைக்குப் பிறகு சொல்லிவிட்டேன். கவலைப்படாதே. படியில் நின்று நான் சொன்னதும் ஊரே கைதட்டியது. இந்த வெயிலிலும் தட்டினார்கள். செரஃபேன் பூசைக்கு வராமல் கொட்டகையில் வேலையாக இருந்தான்; அவனிடமும் போய் "சொல்லியாச்சு" என்றேன்.

உன் தகரமூடி கதவருகே ஆணியில் தொங்குகிறது. வரவில்லை என்று எழுதினாய், அதைப் படித்தேன். தொங்கட்டும், அது உன்னிடம் ஒன்றும் கேட்காது.

இந்த முறை நடைக்கு ஆள் குறையாது. உனக்கு இடம் விட்டே நடப்பேன்.

உன் மாமா,
அல்சீட்


தலைநகர்
ஆகஸ்ட் 26

மாமா,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நான் எப்படி அன்றைக்கு அங்கே வந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் கடைசிக் கடிதம்தான் வரவழைத்தது. ஊரே கைதட்டியது என்று எழுதியிருந்தீர்கள். சங்கு ஊதாது என்று சொன்னால் யார் கைதட்டுவார்கள்? பதினைந்தாம் தேதி மத்தியானம் அதைத் திரும்பப் படித்தேன். செரஃபேன் மாமாவுக்கு இதைப் போனில் எப்படிச் சொல்வது, உங்களை ஊர்முன் பொய்யராக எப்படி நிறுத்துவது என்று யோசித்தபடியே காரை எடுத்தேன். நேரில் உங்களிடம் கேட்டுவிடலாம் என்றிருந்தேன்.

வயலைக் கடக்கும்போது நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில் புகை பார்த்தேன். சூடான இரும்பும் காய்ந்த புல்லும். செரஃபேன் மாமாவைப் போனில் கூப்பிட்டேன். சங்கு ஊதியது. நான் துறைமுகச் சாலையில் உங்களை நோக்கி ஓடி வந்தேன். தீயணைப்புப் படைக்காரர்கள் எல்லோரும் ஊர்வலத்தில்தான் இருந்தார்கள். இடுப்பில் இருந்த அழைப்புக் கருவி கத்தியும் ஒருவரும் கேட்கவில்லை. சங்கு ஏற ஏறச் சட்டியைப் பலமாகத் தட்டினார்கள். நான் கையை வீசிக் கத்தினேன். எனக்கும் கை காட்டிவிட்டுத் தட்டினார்கள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "வந்துட்டா, எம் பொண்ணு வந்துட்டா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே இன்னும் ஓங்கித் தட்டினீர்கள். உங்கள் கையிலிருந்து சட்டியைப் பிடுங்கிக் கீழே எறிந்த பிறகுதான் என் குரல் உங்களுக்குக் கேட்டது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கோபப்படவும் முடியவில்லை, அதுதான் கஷ்டம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தீ நான் மூடிய காட்டில் பிறக்கவில்லை. நான் கோடு போடாமல் விட்ட வயலில் பிறந்தது. காட்டுக்குள் தாவுவதற்கு முன்னால் மறித்துவிடலாம் என்று செரஃபேன் மாமா ஒற்றை ஆளாக லாரியோடு வாசலுக்குப் போனார். அங்கே எங்கள் சங்கிலி. சாவி என் அலுவலகத்து மேசையில். அவர் அதை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் காற்று திரும்பியது. இதை என் கையாலேயே அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று செரஃபேன் மாமாவைப் பார்த்தேன். இரண்டு கையும் தீப்புண் கட்டுக்குள். விரல்கள் எவ்வளவு மடங்கும் என்று இன்னும் சொல்ல முடியாதாம். அப்பாவின் குடில் இருந்த இடத்தில் அடுப்பு மட்டும் நிற்கிறது.

விசாரிக்க ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். நான் உறவு என்பதால் என்னை விலக்கிவிட்டார்கள். கோயில் படியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்பார். நீங்கள் எப்படியும் சொல்லலாம். ஊரில் யாரும் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவரிடம் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். அதை வைத்துத்தான் இனி உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று தெரியும்.

மிரேய்


பெத்தித் ஆன்ஸ்
செப்டம்பர் 6

மிரேய்,

அந்த மனிதர் வந்தார். இளம் வயது. காபி கொடுத்தேன்.

அவரிடம் சொன்னது இது. சங்கு ஊதாது என்று சொல்லத்தான் படியில் ஏறினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊதாது என்றால் முகங்கள் வாடும் என்று தோன்றியது. இதுவும் ஒரு சர்க்கார் உத்தரவுதானே என்றும் தோன்றியது. "இந்த வருஷம் சங்கு முன்னெப்பவும் இல்லாத அளவுக்கு நீளமா ஊதும், நானே ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்றேன். கைதட்டினார்கள். செரஃபேனிடம் சொல்லியாச்சு என்றேன். என்ன சொன்னேன் என்று சொல்லவில்லை. வயலில் கார்களை நிறுத்தச் சொன்னதும் நான்தான். அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

காட்டைப் பூட்டியது சரி என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. உன்னைச் சமாதானப்படுத்த அதைப் பொய்யாக எழுத மாட்டேன். மண்ணைப் பற்றி நீ சொன்னது நிஜம். வேலியோரம் நானே தோண்டிப் பார்த்தேன்.

செரஃபேனைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் "சொல்லுடா அல்சீட், தீ எத்தனை அடி உசரம் எரிஞ்சுது? வானம் வரைக்குமா?" என்றான். "நான் பாக்கலடா, அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்" என்றேன். அவன் கஞ்சியை ஊட்டிவிடச் சொன்னான். ஊட்டினேன். தினமும் போகிறேன்.

குடிலைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உன் அம்மாவிடம் செய்த சத்தியம் அந்த நிலத்தின்மேல் இன்னும் இருக்கிறது. நிலம் உன்னுடையது. வந்தாலும் வராவிட்டாலும்.

போன ஞாயிறு கோயில் படியில் ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை. வீடு வீடாக நடந்து போனேன். கதவைத் திறந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள், கதை கேட்கும் முகத்தோடு. நான் உட்காரவில்லை. "இனிமே சங்கு ஊதினா அது தீ" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

உன் வீடு தூரம். அதனால் உனக்கு எழுதுகிறேன். இனிமேல் சங்கு ஊதினால் அது தீ.

மாமா