கறைப் பக்கத்துக்கு வந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் சலவைக் கடைக்கு வெப்சைட் திறந்து ஒரு வாரம் ஆகிறது. "கறையா? கவலையை விடுங்க!" பெயர் நான் வைத்தது. எந்தக் கறைக்கு எது போட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுவதும் நான்தான். இன்று பார்த்தவர்கள் முப்பது பேர். அடேயப்பா!

மார்ச் 5, வியாழன்

காலையில் நாற்பது. துணி பிரித்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன், நாற்பத்தொன்று. தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. நான் பார்க்கப் பார்க்க ஏறுகிறது! என் கண் ராசியோ? வீட்டுக்காரரும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தன் போனில் பார்த்தார். நாற்பத்துமூன்று. அவர் கண்ணும் ராசிதான்.

மார்ச் 8, ஞாயிறு

கணக்கு இருநூறைத் தொட்டதும் நாத்தனாருக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். "லாண்டரிக்கு எதுக்கு வெப்சைட்டு? துணிய என்ன கம்ப்யூட்டர்லயா துவைக்கப் போறீங்க?"

"தினமும் இருநூறு பேர் பாக்குறாங்க அண்ணி."

"எனக்கு அதையெல்லாம் பாக்க நேரமில்லம்மா." வைத்துவிட்டார்.

இனி நானாகப் பேசினால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 11, புதன்

பக்கத்துக் கடை காலியாகிறது. வாடகைக்கு எடுத்தே தீர வேண்டும். இருநூறு பேரும் மூட்டையோடு வந்து நின்றால் எங்கே வைப்பது?

அவர் தலையைச் சொறிந்தார். "ஒருத்தனும் இன்னும் வரலையேடி?"

"முதல்ல படிச்சு முடிக்கட்டுங்க."

சனிக்கிழமை கையெழுத்து.

மார்ச் 13, வெள்ளி

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வந்திருந்தார். கணக்கைக் காட்டினேன். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அத்தை, இதுல பாதி நீங்கதான்" என்றார்.

என்னது?

நான் ஒவ்வொரு முறை திறந்து பார்ப்பதும் ஒரு வருகையாம். வந்த தடவையை வந்த ஆள் என்று எண்ணிவிட்டேனாம். என் போனையும் வீட்டுக்காரர் போனையும் கணக்கிலிருந்து எடுத்தார். பாதி காணாமல் போனது. மிச்சத்தில் பெரும்பகுதி, இணையத்தில் தானாகச் சுற்றி வரும் ரோபோக்கள்.

"ரோபோவுக்கு எதுக்கு மாப்ள சட்டை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மாப்பிள்ளை பாவம், சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியில் மிஞ்சியது நாலு பேர். ஒருவர் மாப்பிள்ளை. ஒருத்தி என் மகள். இன்னொருவர் "மனசுல இருக்கிற கறை போக வழி" என்று தேடி வந்து, நான் சோடா உப்பு போடச் சொன்னதும் ஓடிவிட்டார். நாலாவது ஆள் மட்டும் யாரென்று தெரியவில்லை. எல்லாப் பக்கத்தையும் கடைசி வரி வரை படித்திருக்கிறார், சிலதை இரண்டு முறை.

"இந்த ஒருத்தர் உண்மையானவர் அத்தை." எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்!

மார்ச் 14, சனி

கையெழுத்துப் போடவில்லை. அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

நாத்தனார் போன். எடுத்ததுமே சண்டை. "மைக்கறைக்கு எலுமிச்சை தேச்சு வெயில்ல போடுன்னு எழுதியிருக்கியே, கலர் துணி வெளுத்துப் போகாதா?"

"பாக்க நேரமில்லன்னீங்களே அண்ணி?"

ஒரு இருமல். பிறகு, "கை தவறிப் பட்டுடுச்சு."

கை தவறி — எல்லாப் பக்கமுமா? இரண்டு இரண்டு முறையா?

நான் கேட்கவில்லை. எலுமிச்சையில் தொடங்கிய பேச்சு, அவருடைய முட்டிவலி, வீட்டில் பேச ஆளில்லாதது என்று எங்கெங்கோ போய் வந்தது. வைக்கும்போது காது சுட்டது.

மார்ச் 24, செவ்வாய்

முட்டைக் கறைக்குக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றச் சொல்லி இன்று வேண்டுமென்றே எழுதினேன். ஊற்றினால் முட்டை துணியிலேயே வெந்துவிடும், இதுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் கடை நடத்துகிறேன்?

போன் அடிக்கிறது.

பேசி முடித்ததும் திருத்திவிட வேண்டும்.